ஒரு சொல் கிளப்பிய வழக்கு

பெண் பார்க்கும் வைபவத்தை வாசகர்கள் எல்லோரும் அறிவார்கள். பிள்ளை வீட்டார் வருகிறார்கள். கேசரியும் பஜ்ஜியும் சாப்பிடுகிறார்கள். பெண் வந்து நமஸ்காரம் செய்துவிட்டு உள்ளே போகிறாள். காபியும் ஆகிறது. கடைசியில் பெண்ணின் தகப்பனார் தயங்கித் தயங்கி, "தங்கள் அபிப்பிராயம் என்னவோ?" என்று கேட்கிறார். பிள்ளையின் தகப்பனார் மேல்துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "ஊருக்குப் போய்க் கடிதம் போடுகிறோம்" என்கிறார்.

இதற்கு என்ன அர்த்தம்? சம்மதமா? இல்லை. மறுப்பா? வாயைத் திறந்து மறுக்கவும் இல்லை. கடிதம் வரும் வரையில் பெண் வீட்டார் வேறு வரன் பார்க்கலாமா, கூடாதா? அதுவும் தெரியாது. தபால்காரர் வரும் திசையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

நம் நாட்டு அரசியல் சட்டத்திலும் இப்படிப்பட்ட பதில் ஒன்று இருக்கிறது. சட்டசபையில் நிறைவேறிய மசோதா கவர்னரின் மேஜைக்குப் போகிறது. அங்கே அவர் சொல்லக்கூடிய பதில்களில் ஒன்றுக்கு ஆங்கிலத்தில் 'வித்ஹோல்ட்' என்று பெயர். 'நிறுத்தி வைத்தல்' என்று நாம் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறோம். இந்த ஒரு வினைச்சொல்லுக்கு என்ன பொருள் என்ற கேள்வி சட்டசபையில் சண்டையாக வெடித்தது. கவர்னர் மாளிகையில் பிரசங்கமாயிற்று. சுப்ரீம் கோர்ட்டில் ஐந்து நீதிபதிகள் உட்கார்ந்து விசாரிக்கும் விவகாரமாகவும் ஆயிற்று.

ஒரு சொல்லுக்கு இத்தனை அமர்க்களமா என்று வாசகர்கள் கேட்கலாம். அந்தச் சொல்லின் பின்னே டாக்டர் படிப்புக்குக் காத்திருந்த மாணவர்கள் இருக்கிறார்கள். சூதாட்டத்தில் குடும்பத்தை இழந்தவர்கள் இருக்கிறார்கள். துணைவேந்தர் நியமனம் யார் கையில் என்ற வழக்கில் மாட்டிக்கொண்ட சர்வகலாசாலைகள் இருக்கின்றன. ஆகவே சற்று நிதானமாகவே பார்ப்போம்.

அகராதி என்ன சொல்கிறது?

'வித்' என்றால் 'உடன்' என்றுதான் பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறோம். 'ஹோல்ட்' என்றால் பிடித்துக்கொள்வது. இரண்டையும் சேர்த்தால் 'கூடப் பிடித்துக்கொள்வது' என்றல்லவா வரவேண்டும்? ஆனால் பழைய ஆங்கிலத்தில் 'வித்' என்பதற்கு 'எதிராக' என்றுதான் பொருள். எதிர்த்து நிற்பதை 'வித்ஸ்டாண்ட்' என்றும், பின்வாங்குவதை 'வித்டிரா' என்றும் சொல்வது அந்தப் பழைய பொருளின் மிச்சம். அந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததே 'வித்ஹோல்ட்'. கொடுக்க வேண்டியதைக் கொடுக்காமல் கையில் இழுத்துப் பிடித்துக்கொள்வது என்பது அதன் வேர்ப்பொருள்.

இது பேச்சு வழக்கில் அதிகம் அடிபடும் சொல் அல்ல. ஆங்கிலேயர் வீட்டுச் சமையலறையில் இதைக் கேட்க முடியாது. ஆபீஸ் கடிதங்களிலும், ஒப்பந்தப் பத்திரங்களிலும், கோர்ட்டு உத்தரவுகளிலும் கோட்டு சூட்டுப் போட்டுக்கொண்டு உலவும் சொல் இது. உலவும் இடத்துக்குத் தகுந்தபடி பொருளை மாற்றிக்கொள்ளும்.

பரீட்சை முடிவுகள் வெளியாகும்போது சில மாணவர்களின் எண்ணுக்கு எதிரே 'வித்ஹெல்ட்' என்று போட்டிருக்கும். அந்த மாணவன் பாஸா, பெயிலா? இரண்டும் இல்லை. கட்டணம் பாக்கியிருக்கலாம், விடைத்தாளில் சந்தேகம் இருக்கலாம். விசாரணை முடிந்ததும் முடிவு வந்துவிடும். இங்கே சொல்லின் பொருள், தற்காலிகமாக நிறுத்தி வைத்தல். சம்பளத்தில் வருமான வரியைப் பிடித்துக்கொள்வதற்கும் அமெரிக்காவில் இதே சொல்தான். பிடித்த பணம் காணாமல் போவதில்லை. வருஷக் கடைசியில் கணக்குப் பார்த்து, அதிகமாகப் பிடித்திருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுகிறார்கள்.

ஆனால் 'சம்மதம்' என்ற சொல்லோடு சேரும்போது இதே வினைச்சொல்லின் முகம் மாறிவிடுகிறது. வாடகைக்கு இருப்பவர் மாடியில் ஓர் அறை கட்டிக்கொள்ள அனுமதி கேட்கிறார். வீட்டுக்காரர் தம் சம்மதத்தை 'வித்ஹோல்ட்' செய்தார் என்றால், அவர் அனுமதி கொடுக்கவில்லை, அவ்வளவுதான். யோசிக்கிறார் என்றோ, அடுத்த மாதம் சொல்வார் என்றோ அர்த்தமில்லை.

ஆக, ஒரே சொல்லுக்குள் இரண்டு பொருள்கள் குடியிருக்கின்றன. ஒன்று 'பொறு' என்கிறது. மற்றொன்று 'முடியாது' என்கிறது.

தமிழில் பெயர்க்கும்போது சங்கடம் இன்னும் கொஞ்சம் கூடுகிறது. நம் மொழியில் 'வை' என்ற துணைவினை, பின்னால் பயன்படும் என்று ஒன்றைச் செய்து வைப்பதைக் குறிக்கும். 'எடுத்து வை', 'சொல்லி வை', 'ஆற்றி வை' என்கிறோம். 'நிறுத்திவிட்டார்' என்றால் முடிந்த கதை. 'நிறுத்தி வைத்தார்' என்றால் பிறகு எடுப்பார் என்ற நம்பிக்கை தானாக ஒட்டிக்கொள்கிறது. ஆங்கிலத்தில் கதவைச் சாத்தியிருக்கலாம். தமிழில் படிக்கிறவனுக்கோ கதவு ஒருக்களித்திருப்பதாகத் தோன்றும்.

200-வது ஷரத்தில் நாலு வினைகள்

இந்தச் சொல் நம் அரசியல் சட்டத்தில் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று பார்ப்போம். 200-வது ஷரத்து கூறுவதன் சாரம் இதுதான்: சட்டசபை நிறைவேற்றிய மசோதா கவர்னரிடம் அனுப்பப்பட வேண்டும். கவர்னர், தாம் சம்மதிப்பதாகவோ, சம்மதத்தை நிறுத்தி வைப்பதாகவோ, ஜனாதிபதியின் பரிசீலனைக்கு ஒதுக்குவதாகவோ அறிவிக்க வேண்டும்.

இத்துடன் ஷரத்து முடிந்துவிடவில்லை. கீழே ஒரு நிபந்தனை வாசகம் தொங்குகிறது. பண மசோதாவாக இல்லாதபட்சத்தில், கவர்னர் 'கூடிய விரைவில்' அதைத் தம் செய்தியுடன் சட்டசபைக்குத் திருப்பி அனுப்பலாம். சபை அதைத் திருத்தியோ திருத்தாமலோ மறுபடி நிறைவேற்றி அனுப்பினால், கவர்னர் சம்மதத்தை நிறுத்தி வைக்கக் கூடாது.

சம்மதி, நிறுத்தி வை, ஒதுக்கு, திருப்பி அனுப்பு என்று நாலு வினைகள். தகராறு இதுதான்: 'நிறுத்தி வை' என்பதும் 'திருப்பி அனுப்பு' என்பதும் தனித்தனிப் பாதைகளா, அல்லது ஒரே பாதையின் முதல் அடியும் இரண்டாம் அடியுமா?

தனித்தனி என்று வைத்துக்கொண்டால், கவர்னர் திருப்பி அனுப்பாமலேயே 'நிறுத்தி வைத்தேன்' என்று ஒரு வார்த்தை சொல்லி மசோதாவைத் தீர்த்துவிடலாம். ஒரே பாதை என்றால், நிறுத்தி வைத்த கையோடு திருப்பி அனுப்பியே ஆகவேண்டும். சபை மறுபடி நிறைவேற்றினால் கவர்னருக்கு வேறு வழியில்லை. ஒரு சொல்லைப் படிக்கும் விதத்தில் ஒரு ராஜ்யத்தின் சட்டசபைக்கு உள்ள பலமே மாறிப்போகிறது!

ராணி ஆலோசிப்பார்

இந்தச் சாமர்த்தியமான பதிலுக்குப் பூர்வீகம் இங்கிலாந்து. அங்கே பார்லிமெண்டில் நிறைவேறிய மசோதாவுக்கு மன்னரின் சம்மதத்தைப் பழைய நார்மன் பிரெஞ்சு மொழியில் அறிவிப்பது இன்றும் வழக்கமாக இருக்கிறது. மறுப்பதற்கும் ஒரு வாசகம் உண்டு. அதற்கு 'முடியாது' என்று அர்த்தமில்லை. 'மன்னர் ஆலோசிப்பார்' என்று அர்த்தம்! ஊருக்குப் போய்க் கடிதம் போடும் கதைதான். அந்த ஆலோசனைக்கு முடிவே கிடையாது என்பது எல்லோருக்கும் தெரியும். 1708-ல் ஆன் ராணி ஸ்காட்லாந்துப் படை மசோதாவுக்கு இந்தப் பதிலைச் சொன்னார். அதற்குப் பிறகு 300 வருஷங்களுக்கு மேலாக இங்கிலாந்தில் எந்த மன்னரும், எந்த ராணியும் அதைச் சொன்னதில்லை. வாசகம் இருக்கிறது, வழக்கம் செத்துவிட்டது.

அமெரிக்கர்கள் வேறு தினுசாகச் செய்தார்கள். அவர்களுடைய அரசியல் சட்டத்தில் ஜனாதிபதி மசோதாவில் கையெழுத்திட வேண்டும். இஷ்டமில்லையானால் ஆட்சேபங்களுடன் திருப்பி அனுப்ப வேண்டும். ஞாயிற்றுக்கிழமைகள் நீங்கலாகப் பத்து நாளைக்குள் இரண்டில் ஒன்றும் செய்யாவிட்டால், காங்கிரஸ் சபை கலையாதிருக்கும் பட்சத்தில், மசோதா தானாகவே சட்டமாகிவிடும். நாளை எண்ணிச் சொல்லிவிட்டபடியால் அகராதிக்கு அங்கே அதிக வேலை இல்லை.

நமக்கு வந்து சேர்ந்தது வெள்ளைக்காரர் எழுதிய 1935-ம் வருஷத்து இந்திய அரசாங்கச் சட்டத்தின் வாசகம். அதில் கவர்னர் 'தம் விருப்பப்படி' இந்தக் காரியங்களைச் செய்யலாம் என்று இருந்தது. மாகாண மந்திரிசபைகளின் மூக்கணாங்கயிறு லண்டன் கையில் இருக்கவேண்டும் என்ற காலம் அது. சுதந்திர இந்தியாவின் அரசியல் நிர்ணய சபை அந்த வாசகத்தை எடுத்துக்கொண்டபோது, 'தம் விருப்பப்படி' என்ற வார்த்தைகளை 1949-ல் நீக்கிவிட்டது. பொறுப்பாட்சி நடக்கும் இடத்தில் கவர்னரின் சொந்த விருப்பத்துக்கு இடமில்லை என்பதே டாக்டர் அம்பேத்கர் அப்போது சொன்ன காரணம்.

அதே காலத்தில் இன்னொரு மாற்றமும் நடந்தது. ஜனாதிபதி மசோதாவைத் திருப்பி அனுப்புவதற்கு, முதல் நகலில் ஆறு வாரம் என்று கெடு வைத்திருந்தார்கள். அதை எடுத்துவிட்டுக் 'கூடிய விரைவில்' என்று போட்டார்கள். ஆறு வாரம் வரை எதற்குக் காத்திருக்க வேண்டும், உடனே அனுப்பட்டுமே என்ற நல்லெண்ணம்! பெரியவர்கள் நல்லதை நினைத்து எழுதினார்கள். பின்னால் வந்தவர்கள் அந்த நல்லெண்ணத்தின் இடுக்கில் மசோதாக்களைச் செருகி வைத்தார்கள். தபால் சட்டத் திருத்த மசோதாவை 1986-ல் பார்லிமெண்டு நிறைவேற்றி அனுப்பியது. ஜனங்களின் கடிதங்களைச் சர்க்கார் பிரித்துப் பார்க்க அது இடம் கொடுக்கிறது என்று பலத்த எதிர்ப்பு எழுந்தது. ஜனாதிபதி ஜெயில்சிங் சம்மதிக்கவும் இல்லை, திருப்பி அனுப்பவும் இல்லை. 1987-ல் பதவிக்காலம் முடிந்து அவர் போகும் வரை மசோதா அப்படியே கிடந்தது. அந்த மசோதாவைப் பொறுத்தவரை ஜனங்களுக்கு அது நன்மையாக முடிந்திருக்கலாம். ஆனால் வழி திறந்துவிட்டது.

சட்டசபையில் ஒரு சொற்போர்

தமிழ்நாட்டில் இந்தச் சொல் முதன்முதல் வீட்டுக்கு வீடு அடிபட்டது 'நீட்' பரீட்சை விவகாரத்தில்தான். அந்தப் பரீட்சையிலிருந்து விலக்குக் கேட்டு 2017 பிப்ரவரியில் இரண்டு மசோதாக்களைச் சட்டசபை நிறைவேற்றி ஜனாதிபதியின் சம்மதத்துக்கு அனுப்பியது. பிளஸ் டூ மார்க்கை நம்பியிருந்த மாணவர்களும் பெற்றோர்களும் டில்லியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். வருஷம் இரண்டு ஓடிற்று.

2019 ஜூலையில் சென்னை ஐகோர்ட்டில் மத்திய சர்க்கார் ஒரு தகவலைச் சொன்னது. மசோதாக்களுக்குச் சம்மதம் 'வித்ஹெல்ட்' ஆகி, 2017 செப்டம்பரிலேயே அவை திருப்பி அனுப்பப்பட்டுவிட்டன என்பதே அது. சட்டசபையில் புயல் கிளம்பியது. மசோதாக்கள் நிராகரிக்கப்பட்டதை மறைத்துவிட்டீர்கள் என்றது எதிர்க்கட்சி. நிறுத்தி வைத்திருப்பதாகத்தான் தகவல் வந்தது, நிராகரித்ததாக அல்ல என்றது ஆளும் தரப்பு. ஒரே கடிதத்தை ஒருவர் பரீட்சை முடிவைப் படிப்பதுபோலப் படித்தார். மற்றவர் வீட்டுக்காரர் பதிலைப் படிப்பதுபோலப் படித்தார்.

அந்த இரண்டு வருஷங்களில் பரீட்சை எழுதிய பிள்ளைகளுக்கு இது இலக்கணச் சர்ச்சை அல்ல. 'முடியாது' என்று அன்றே தெளிவாகச் சொல்லியிருந்தால், வேறு ஏற்பாடு செய்துகொண்டிருப்பார்கள். 'பொறு' என்று நினைத்தவர்கள் பொறுத்திருந்தார்கள்.

கதை அத்துடன் முடியவில்லை. 2021 செப்டம்பரில் சட்டசபை மறுபடியும் ஒரு மசோதா நிறைவேற்றியது. கவர்னர் ஆர்.என்.ரவி அதை 2022 பிப்ரவரியில் திருப்பி அனுப்பினார். சபை அதே மாதம் 8-ந் தேதி மீண்டும் நிறைவேற்றியது. மசோதா ஜனாதிபதிக்குப் போயிற்று. அதற்கும் சம்மதம் மறுக்கப்பட்டுவிட்டதாக 2025 ஏப்ரல் 4-ந் தேதி முதல்-மந்திரி மு.க.ஸ்டாலின் சட்டசபையில் அறிவித்தார். இந்த முறை பொருள் என்ன என்று யாரும் சண்டை போடவில்லை. எட்டு வருஷத்தில் தமிழ்நாடு ஓர் ஆங்கில வினைச்சொல்லை நன்றாகவே படித்துக்கொண்டுவிட்டது.

கவர்னர் சொன்ன பொருள்

2023 ஏப்ரல் 6-ந் தேதி கவர்னர் மாளிகையில், சிவில் சர்வீஸ் பரீட்சைக்குத் தயாராகும் இளைஞர்களிடையே பேசிய கவர்னர் ரவி, இந்தச் சொல்லுக்குத் தாமே விளக்கம் கொடுத்தார். நிறுத்தி வைப்பது என்றால் கையில் வைத்துக்கொண்டிருப்பதாக அர்த்தமல்ல. நிராகரிப்பதை நாகரிகமாகச் சொல்லும் வார்த்தை அது. அப்படிச் சொன்னால் மசோதா செத்துவிட்டது என்பதே பொருள் என்றார்.

அவருக்கு ஆதாரம் இல்லாமல் இல்லை. நகர்ப்புற நில உச்சவரம்புச் சட்டம் சம்பந்தமான ஒரு வழக்கில், 1979-ல் சுப்ரீம் கோர்ட்டு இந்த ஷரத்தைத் தொட்டுப் பேசியிருக்கிறது. திருப்பி அனுப்பும் வழியைப் பின்பற்றாத வரையில், நிறுத்தி வைக்கப்பட்ட மசோதா விழுந்துவிடும் என்பது அதன் கருத்து. இதில் மசோதா 'விழும்' என்ற பாதியைக் கவர்னர் தரப்பு எடுத்துக்கொண்டது. 'திருப்பி அனுப்பாத வரையில்' என்ற மறு பாதியைச் சர்க்கார் தரப்பு எடுத்துக்கொண்டது.

அந்தச் சமயத்தில் ஆன்லைன் சூதாட்டத் தடை மசோதாவும் கவர்னர் மாளிகைக்கும் கோட்டைக்கும் இடையே நடந்துகொண்டிருந்தது. 2022 அக்டோபரில் நிறைவேறிய மசோதா அது. 2023 மார்ச்சில் திரும்பி வந்தது. அதே மாதம் மறுபடி நிறைவேறியது. பிரசங்கம் நடந்த நாலாம் நாள், ஏப்ரல் 10-ந் தேதி, மசோதாக்கள் மீது முடிவெடுக்கக் கவர்னர்களுக்குக் கெடு விதிக்க வேண்டும் என்று சட்டசபை ஒரு தீர்மானம் போட்டது. அன்றைய தினமே சூதாட்டத் தடை மசோதாவுக்குச் சம்மதம் கிடைத்துவிட்டது!

பத்து மசோதாக்களின் பயணம்

ஆனால் மற்ற மசோதாக்கள் நகரவில்லை. அவற்றில் பெரும்பாலானவை சர்வகலாசாலைத் துணைவேந்தர்களை நியமிக்கும் அதிகாரம் பற்றியவை. 2023 அக்டோபர் கடைசியில் ராஜ்ய சர்க்கார் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போயிற்று. பின்னர் நடந்தவை வேகமாக நடந்தன.

நவம்பர் 10-ந் தேதி, பஞ்சாப் கவர்னர் சம்பந்தப்பட்ட வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு ஒரு தீர்ப்பைச் சொன்னது. நிறுத்தி வைக்கும் கவர்னர், மசோதாவைத் திருப்பி அனுப்பியே ஆகவேண்டும் என்பது அதன் சாரம். நவம்பர் 13-ந் தேதி தமிழ்நாட்டுக் கவர்னர் பத்து மசோதாக்களுக்குச் சம்மதத்தை நிறுத்தி வைப்பதாக அறிவித்தார். 18-ந் தேதி சட்டசபை விசேஷமாகக் கூடி, பத்தையும் மறுபடி நிறைவேற்றியது. 28-ந் தேதி கவர்னர் அவற்றை ஜனாதிபதிக்கு ஒதுக்கி அனுப்பிவிட்டார்.

சபை இரண்டாம் தடவை நிறைவேற்றிய பின் ஒதுக்கலாமா? இங்கேதான் வினைச்சொல் மறுபடி மேடையேறியது. 'நான் நிறுத்தி வைத்தேன். நிபந்தனை வாசகத்தின்படி திருப்பி அனுப்பவில்லை. ஆகவே அந்த வாசகத்திலுள்ள தடை என்னைக் கட்டுப்படுத்தாது' என்பது கவர்னர் தரப்பு வாதம். 2025 ஏப்ரல் 8-ந் தேதி நீதிபதிகள் பர்திவாலாவும் மகாதேவனும் இதை ஏற்க மறுத்தார்கள். கவர்னர் செய்தது சட்டவிரோதம் என்றார்கள். மசோதாக்களுக்குச் சம்மதம் கிடைத்துவிட்டதாகவே கருதப்படும் என்றார்கள். இனிமேல் கவர்னர்கள் சந்தர்ப்பத்துக்குத் தக்கபடி ஒரு மாதம் அல்லது மூன்று மாதத்துக்குள் முடிவெடுக்க வேண்டும், ஜனாதிபதிக்கும் மூன்று மாதம் என்று கெடுவும் வைத்தார்கள். கவர்னரின் கையெழுத்து இல்லாமல், கோர்ட்டுத் தீர்ப்பின் பேரில் மசோதாக்கள் சட்டங்களாகக் கெஜட்டில் வெளியாயின.

இதில் மறு தரப்பின் நியாயத்தையும் சொல்லவேண்டும். அரசியல் சட்டத்தை எழுதியவர்கள் தெரிந்தே கெடு வைக்காமல் விட்ட இடத்தில், இரண்டு நீதிபதிகள் மாதக் கணக்கை எழுதிச் சேர்க்கலாமா? அரசியல் சட்டத்துக்கு முரணான மசோதா வந்தால் கவர்னர் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போடத்தான் வேண்டுமா? இவை அலட்சியம் செய்யக்கூடிய கேள்விகள் அல்ல. 2025 மே 13-ந் தேதி ஜனாதிபதி திரௌபதி முர்மு, 14 கேள்விகளைச் சுப்ரீம் கோர்ட்டுக்கு அனுப்பி அபிப்பிராயம் கேட்டார்.

ஐந்து நீதிபதிகளின் பதில்

தலைமை நீதிபதி கவாய் உள்ளிட்ட ஐந்து நீதிபதிகள் 2025 நவம்பர் 20-ந் தேதி பதில் சொன்னார்கள். அதில் ஒரு கை கொடுத்தது. ஒரு கை எடுத்தது.

எடுத்தது என்ன? கவர்னருக்கும் ஜனாதிபதிக்கும் கோர்ட்டு கெடு வைக்க முடியாது. சம்மதம் கிடைத்துவிட்டதாகக் 'கருதப்படும்' என்று கோர்ட்டு சொல்லவும் முடியாது. இருக்கும் வழிகளில் எதைத் தேர்ந்தெடுப்பது என்பதில் கவர்னருக்குச் சொந்த யோசனை உண்டு. மந்திரிசபையின் ஆலோசனைக்கு அவர் அங்கே கட்டுப்பட்டவர் அல்ல.

கொடுத்தது என்ன? நம்முடைய வினைச்சொல்லுக்குப் பொருள்! திருப்பி அனுப்பாமல் வெறுமனே நிறுத்தி வைக்கும் அதிகாரம் கவர்னருக்குக் கிடையாது. கவர்னருக்கு மூன்று வழிகள்தான்: சம்மதிப்பது, ஜனாதிபதிக்கு ஒதுக்குவது, அல்லது நிறுத்தி வைத்துத் தம் கருத்துடன் சபைக்குத் திருப்பி அனுப்புவது. நிறுத்தி வைப்பதும் திருப்பி அனுப்புவதும் இரண்டு பாதை அல்ல, ஒரே பாதை. கதவைச் சாத்துவதானால், ஏன் சாத்துகிறேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் சாத்த வேண்டும். சபை மறுபடி வந்து தட்டலாம்.

விசாரணையின்போது எழுந்த ஒரு கேள்வி இதன் நியாயத்தைப் பளிச்சென்று காட்டுகிறது. பண மசோதாவைக் கவர்னர் திருப்பி அனுப்ப முடியாது என்று ஷரத்தே சொல்கிறது. வெறுமனே நிறுத்தி வைத்துக் கொல்லும் அதிகாரம் உண்டு என்றால், பட்ஜெட் சம்பந்தமான மசோதாவையும் ஒரே வார்த்தையில் கொன்றுவிடலாமே! திருப்பி அனுப்பக்கூட உரிமை இல்லாத ஒன்றைத் தீர்த்துக்கட்ட உரிமை உண்டு என்பது எந்த ஊர் நியாயம்?

நீண்ட காலம், காரணமும் சொல்லாமல், முடிவும் இல்லாமல் கவர்னர் சும்மா இருந்தால், நியாயமான காலத்துக்குள் ஒரு முடிவெடுக்கும்படி கோர்ட்டு சொல்லலாம் என்றும் நீதிபதிகள் கூறியிருக்கிறார்கள். எந்த முடிவு என்று சொல்லமாட்டார்கள். ஏதாவது ஒரு முடிவை எடுங்கள் என்று மட்டும் சொல்வார்கள்.

இனி என்ன?

சொல்லின் பொருள் தீர்ந்தது. ஆனால் காலம் தீரவில்லை. 'நியாயமான காலம்' என்பது எத்தனை நாள்? 'கூடிய விரைவில்' என்பது எத்தனை வாரம்? ஒவ்வொரு மசோதாவுக்கும் ஒரு வக்கீலை வைத்துச் சுப்ரீம் கோர்ட்டு வாசலில் போய்த்தான் கேட்கவேண்டுமா? மத்திய, ராஜ்ய உறவுகளை ஆராய்ந்த பூஞ்சி கமிஷன், கவர்னர் ஆறு மாதத்துக்குள் முடிவு செய்யவேண்டும் என்று 2010-ல் சிபாரிசு செய்தது. கோர்ட்டு கெடு வைக்க முடியாது என்று ஆகிவிட்ட பிறகு, அதைச் செய்யக்கூடிய இடம் பார்லிமெண்டு ஒன்றுதான். அரசியல் சட்டத்தில் ஒரு வரி திருத்தம் போதும். இந்தக் கட்சி ஆண்டாலும் சரி, அந்தக் கட்சி ஆண்டாலும் சரி, அந்த ஒரு வரி எல்லா ராஜ்யங்களுக்கும் பயன்படும்.

தமிழ்நாட்டுக்கு இப்படிப்பட்ட சொற்போர் புதிதல்ல. 1963-ல் ஆட்சிமொழி மசோதா வந்தபோது, ஆங்கிலம் தொடர்ந்து இருக்க'லாம்' என்று அதில் எழுதியிருந்தார்கள். 'லாம்' என்பதற்குள் 'இல்லாமலும் போகலாம்' என்பது ஒளிந்திருக்கிறது என்று தென்னாட்டு அங்கத்தினர்கள் அன்று வாதாடினார்கள். பண்டித நேரு எவ்வளவோ சமாதானம் சொன்னார். ஆனாலும் 1965-ல் இந்த மண் கொந்தளித்தது. ஹிந்தியை ஏற்காத ராஜ்யங்களின் சட்டசபைகள் தீர்மானம் போடாத வரையில் ஆங்கிலத்தை எடுக்க முடியாது என்று, 1967-ல் பார்லிமெண்டு நிறைவேற்றிய திருத்தம் உறுதி செய்தது. ஒரு துணைவினையில் இருந்த ஐயத்தை, நல்லெண்ணத்தை நம்பி விட்டுவிடாமல் வார்த்தையில் எழுதி வாங்கினார்கள். அதனால்தான் அந்த விவகாரம் அடங்கிற்று.

பெண் வீட்டுக்காரரிடம் திரும்பிப் போவோம். பிள்ளை வீட்டார் கட்டாயம் சம்மதித்தே ஆகவேண்டும் என்று அவர் கேட்கவில்லை. பிடிக்கவில்லை என்று சொல்ல அவர்களுக்கு உரிமை உண்டு. என்ன காரணம், எப்போது சொல்வீர்கள் என்ற இரண்டை மட்டும்தான் அவர் கேட்கிறார். அவருடைய பெண்ணின் வயது ஏறிக்கொண்டே போகிறதல்லவா?

சட்டசபையில் நிறைவேறும் மசோதா ஓட்டுப்போட்ட ஜனங்கள் பெற்ற பெண். அதற்கு மறுப்பு வந்தாலும் ஜனங்கள் தாங்கிக்கொள்வார்கள். மறுபடி கூடிப் பேசி மறுபடி அனுப்புவார்கள். கடிதம் எப்போது வரும் என்று தெரியாமல் வாசலிலேயே நிற்பதுதான் அவர்களால் தாங்க முடியாதது.